யாரும் பார்க்காத இடத்தில் நேர்மை

ஒருவர் உண்மை சொல்வாரா, பொய் சொல்வாரா என்பதைப் பொருளியல் நெடுங்காலம் ஒரு லாப நட்டக் கணக்காகவே பார்த்துவந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்தக் கணக்கைச் சூத்திரமாக்கியது. தவறு செய்தால் கிடைக்கும் ஆதாயம், பிடிபடும் வாய்ப்பு, பிடிபட்டால் வரும் தண்டனை ஆகிய மூன்றையும் எடைபோட்டே மனிதர் முடிவெடுக்கிறார் என்றது அது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் இரண்டு முடிவுகள் பின்தொடரும். பிடிபடவே வழியில்லாத இடத்தில் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது ஒன்று. பார்ப்பவரிடம் தண்டிக்கும் அதிகாரம் இல்லையென்றால் அவர் பார்ப்பதால் எதுவும் மாறாது என்பது இன்னொன்று. கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளில் நடந்த பொருளியல் சோதனைகள் இந்த இரண்டையும் தனித்தனியே உரசிப் பார்த்திருக்கின்றன. முதல் முடிவு தவறு என்பது தெளிவாகிவிட்டது. இரண்டாவது முடிவு சில இடங்களில் பொருந்துகிறது, சில இடங்களில் பொருந்தவில்லை. எங்கே பொருந்துகிறது என்று தெரிந்துகொள்வது, கண்காணிப்பை நம்பித் திட்டம் தீட்டும் எந்த அரசுக்கும் நிறுவனத்துக்கும் அவசியம்.

பகடை காட்டும் கணக்கு

பொய்யை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தால் பங்கேற்பவரின் நடத்தை மாறிவிடும்; பார்க்காவிட்டால் யார் பொய் சொன்னார் என்று தெரியாது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உர்ஸ் ஃபிஷ்பாக்கரும் ஃபிரான்சிஸ்கா ஃபோல்மி-ஹோய்சியும் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பங்கேற்பவர் தனியே ஒரு பகடையை உருட்டுவார். என்ன விழுந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். 1 முதல் 5 வரை எந்த எண்ணைச் சொல்கிறாரோ அத்தனை சுவிஸ் ஃபிராங்க் அவருக்குக் கிடைக்கும். 6 என்று சொன்னால் ஒன்றும் கிடையாது. தனி ஒருவர் 5 என்று சொன்னால் அது உண்மையா என்று யாராலும் கூற முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கானோரின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். பகடையின் ஆறு முகங்களும் ஏறக்குறைய சம அளவில், அதாவது ஒவ்வொன்றும் 16.7 சதவீத அளவில் விழ வேண்டும். அதிலிருந்து விலகும் அளவே பொய்யின் அளவு.

சூரிக்கில் 6 என்று சொல்லி வெறுங்கையோடு போனவர்கள் சுமார் 6.4 சதவீதம். 6 விழாமலே 6 என்று சொல்ல யாருக்கும் காரணமில்லை. ஆகவே உண்மையிலேயே 6 விழுந்த 16.7 சதவீதத்தினரில் உண்மையைச் சொன்னவர்கள் இவர்களே. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், மொத்தப் பேரில் சுமார் 39 சதவீதத்தினர் முழு நேர்மையாளர்கள் என்று கணக்கு வருகிறது. 5 என்றவர்கள் சுமார் 35 சதவீதம். தற்செயலாக 5 விழுந்தவர்களைக் கழித்துக் கணக்கிட்டால், எது விழுந்தாலும் 5 என்றே சொல்லியிருக்கக்கூடியவர்கள் சுமார் 22 சதவீதம்.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் நடுவே இருப்பவர்களே ஆய்வாளர்களை அதிகம் யோசிக்க வைத்தவர்கள். 4 என்று சொன்னவர்கள் சுமார் 27 சதவீதம். இதுவும் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். பொய் சொல்வதென்று முடிவெடுத்த பிறகு, 5 என்று சொல்லி இன்னும் ஒரு ஃபிராங்க் சேர்த்து வாங்காமல் 4-இல் நின்றுவிட்டவர்கள் இவர்கள். லாப நட்டக் கணக்கில் இதற்கு இடமே இல்லை. உச்ச எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும். 4 என்றால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பிறர் கண்ணுக்கு நேர்மையாளராகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம், பொய்க்குள்ளேயே ஓர் அளவை விதிக்கிறது. யார் எவ்வளவு பணம் எடுத்தார்கள் என்பதே ஆய்வாளருக்குத் தெரியாதபடி சோதனையை மாற்றி அமைத்தபோதும் முடிவுகள் பெரிதாக மாறவில்லை. பார்ப்பார் இல்லாதபோதும் அந்த எண்ணம் மனிதரை விட்டுப் போவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னும் தனிமையான சூழலில் ஜெர்மனியில் ஒரு சோதனை நடந்தது. யொஹன்னஸ் அபெலர், அன்கே பெக்கர், அர்மின் ஃபால்க் ஆகியோரின் குழு, நாடு முழுவதும் வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பூவா தலையா போடச் சொன்னது. பூ விழுந்தால் 15 யூரோ. தலை விழுந்தால் ஒன்றுமில்லை. பங்கேற்பவர் தம் வீட்டில் இருக்கிறார். அறையில் ஆய்வாளர் இல்லை, காசு விழுவதைப் பார்க்கவும் யாருமில்லை. எல்லோரும் உண்மை சொன்னால் பாதிப்பேர் பூ என்று சொல்ல வேண்டும். சொன்னவர்கள் 44.4 சதவீதமே. பொய் கலந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் அடையாளமே தென்படவில்லை. 2014-இல் வெளியான இந்த முடிவு, தண்டனை பயம் இல்லாவிட்டால் நேர்மையும் இருக்காது என்ற கருத்துக்கு நேர் எதிரானது.

பிறகு அபெலரும் டேனியேல் நோசென்சோவும் காலின் ரேமண்டும், இத்தகைய சோதனைகள் 90-ஐத் திரட்டினார்கள். 47 நாடுகளைச் சேர்ந்த 44,000-க்கு மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். பொய் சொல்லி எடுத்திருக்கக்கூடிய கூடுதல் பணத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கை மக்கள் எடுக்காமலே விட்டிருந்தார்கள். 2019-இல் வெளியான இந்த ஆய்வு, எடுக்காமல் விட்டதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து இயங்குவதாக முடிவு செய்தது. பொய் சொல்வதே பலருக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது. பொய்யர் என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் கூடவே இருக்கிறது. பார்வை என்பது இந்த இரண்டாவது காரணத்தின் வழியாகவே வேலை செய்கிறது.

நேர்மையின் அளவு எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. சைமன் கெக்டரும் ஜொனதன் ஷுல்ட்ஸும் 23 நாடுகளில் 2,568 இளைஞர்களிடம் இதே பகடைச் சோதனையை நடத்தி 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வரி ஏய்ப்பு, ஊழல், தேர்தல் மோசடி ஆகியவை மிகுந்த நாடுகளின் இளைஞர்கள் பகடையிலும் அதிகம் கூட்டிச் சொன்னார்கள். விதிமீறல் ஊரெங்கும் சாதாரணமாகிவிட்டால், யாரும் பார்க்காத அறையிலும் அதன் நிழல் விழுகிறது.

நாலு பேர் என்ன நினைப்பார்கள்

ஆய்வாளரால் உண்மையைப் பின்னர் சரிபார்க்க முடியும் என்ற நிலையில் என்ன ஆகும்? யூரி நீஸி, ஆக்னே கயட்ஸ்கைட்டே, ஜோயல் சோபல் ஆகிய மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக எடுத்துக்கொண்டது. பங்கேற்பவருக்கு 1 முதல் 10 வரை ஓர் எண் தற்செயலாகக் கிடைக்கும். அதை அவர் ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். பெரிய எண் சொன்னால் அதிகப் பணம். ஒரு குழுவினர் உறைக்குள் இருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார்கள். எந்தச் சீட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு குழுவினர் கணினித் திரையில் ஒரு பெட்டியைத் தொட்டு எண்ணைப் பார்த்தார்கள். எந்த எண் வந்தது என்பது கணினியில் பதிவாகும், பிறகு ஆய்வாளர் பார்த்துக்கொள்ளலாம். இரு குழுவினருக்கும் தண்டனை எதுவும் கிடையாது.

சரிபார்க்க முடியாத குழுவில் அரைகுறைப் பொய்கள் நிறைய இருந்தன. 3 வந்தவர் 8 அல்லது 9 என்று சொல்லி, நேர்மையாளர் என்ற தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டார். சரிபார்க்க முடிந்த குழுவில் அத்தகைய பொய்கள் குறைந்தன. பொய் எப்படியும் தெரிந்துவிடும் என்ற நிலையில் அளவோடு பொய் சொல்வதால் எந்தத் தோற்றத்தையும் காப்பாற்ற முடியாது. ஆகவே அங்கே பொய் சொன்னவர் பெரும்பாலும் உச்ச எண்ணையே சொன்னார். பார்வை பொய்யின் அளவை மட்டுமல்லாமல் அதன் வடிவத்தையும் மாற்றுகிறது. ஓர் அலுவலகக் கணக்கையோ வரிப் படிவத்தையோ சரிபார்ப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி இது. சரிபார்ப்பு இல்லாத இடத்தில் மோசடி நம்பத்தகுந்த எண்களின் உருவத்தில் வரும். கண்ணை உறுத்தும் எண்ணை மட்டும் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

பார்வை மனத்துக்குள்ளேயே நுழைய முடியாதபடி செய்தால்? கயட்ஸ்கைட்டேயும் நீஸியும் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பங்கேற்பவர் முதலில் மனத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வார், பிறகு பகடையை உருட்டுவார். நினைத்ததும் விழுந்ததும் ஒன்றென்று சொன்னால் பணம். மறைந்திருக்கும் கேமராவால்கூட மனத்தில் நினைத்த எண்ணைப் பார்க்க முடியாது. வழக்கமான பகடை ஆட்டத்தில் பரிசுத்தொகையை உயர்த்தியபோது பொய் கூடவில்லை. மனத்துக்குள் நினைக்கும் ஆட்டத்திலோ பணம் கூடக்கூடப் பொய்யும் கூடியது. யாருக்கும் தெரியாது என்று உறுதி சொன்ன பிறகும், எப்படியாவது தெரிந்துவிடலாம் என்ற சிறு ஐயம் மனிதரைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த ஐயம் முற்றிலும் நீங்கியபோது, பணத்தின் இழுப்புக்குச் சிலர் ஈடுகொடுக்க முடியவில்லை.

சுவரில் ஒட்டிய கண்கள்

ஆளே இல்லாமல் கண் மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்வியை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆய்வு உலகப் புகழ் பெறச் செய்தது. அங்கே ஒரு துறையின் பொது அறையில், தேநீருக்கும் காபிக்கும் பாலுக்கும் உரிய காசை ஊழியர்களே ஒரு பெட்டியில் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. தேநீர் 30 பென்ஸ், காபி 50 பென்ஸ், பால் 10 பென்ஸ். கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. மெலிசா பேட்சன், டேனியல் நெட்டில், கில்பர்ட் ராபர்ட்ஸ் மூவரும் விலைப் பட்டியலின் மேற்பகுதியில் ஒரு படத்தை ஒட்டினார்கள். ஒரு வாரம் பூக்களின் படம், மறுவாரம் நேரே உற்றுப் பார்க்கும் கண்களின் படம் என்று 10 வாரங்கள் மாற்றி மாற்றி ஒட்டப்பட்டது. குடித்த பாலின் அளவோடு ஒப்பிட்டபோது, கண்கள் இருந்த வாரங்களில் பெட்டியில் விழுந்த காசு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. 2006-இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பல நாடுகளில் கண் படங்கள் சுவரேறின.

அதே பல்கலைக்கழக வளாகத்தில் பின்னர் மிதிவண்டித் திருட்டைத் தடுக்கக் கண்களோடு எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டன. பலகை வைத்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. பலகை வைக்காத இடங்களில் 65 சதவீதம் கூடியது. திருடர்கள் திருந்தவில்லை, இடம் மாறினார்கள். பார்வையின் விளைவைப் பார்வை விழும் இடத்தில் மட்டும் அளந்தால் முழுக் கணக்கு கிடைக்காது என்பதை 2012-இல் வெளியான இந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

கண் படங்களின் வல்லமை பற்றிய நம்பிக்கை நாளடைவில் தளர்ந்தது. சூரிக்கில் எர்ன்ஸ்ட் ஃபேரும் ஃபிரெடெரிக் ஷ்னைடரும் 2010-இல் வெளியிட்ட சோதனையில், கணினித் திரையில் தோன்றிய கண்களால் பங்கேற்பவர்களின் நடத்தையில் மாற்றம் இல்லை. உண்மையான நற்பெயர் பணயமாக வைக்கப்பட்டபோதே நடத்தை மாறியது. கண் படம் பொய்யைக் குறைக்கிறதா என்று நேரடியாகச் சோதித்த சீன ஆய்வாளர்கள் குறைக்கவில்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். பெருந்தன்மை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை, கண் படங்களால் மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதற்குச் சான்றில்லை என்றது. குப்பை போடுதல், திருட்டு போன்ற தீய செயல்கள் பற்றிய ஆய்வுகளை 2019-இல் தொகுத்த மற்றொரு கட்டுரையோ, அவை சுமார் 35 சதவீதம் குறைவதாகக் கண்டது. ஆக, படத்தில் இருக்கும் கண் சில சூழல்களில் சிலரைத் தயங்க வைக்கலாம். அதை நம்பி ஒரு கொள்கையை வகுக்கும் அளவுக்குச் சான்று உறுதியானதன்று.

ஆய்வாளரின் கண்

ஆய்வகத்துக்குள் நுழைந்தவுடனேயே ஒருவர் பார்வைக்குள் வந்துவிடுகிறார். அப்படியானால் ஆய்வகத்தில் காணும் நேர்மையும் ஈகையும் உண்மையானவைதானா? வெர்னன் ஸ்மித்தும் எலிசபெத் ஹாஃப்மனும் உள்ளிட்ட நால்வர் 1994-இல் இதற்கு விடை தேடினார்கள். ஒருவரிடம் 10 டாலரைக் கொடுத்து, அடுத்த அறையில் இருக்கும் முகமறியாத ஒருவருக்கு விரும்பினால் பங்கு கொடுக்கலாம் என்று சொல்வது பொருளியலில் வழக்கமான ஒரு சோதனை. வழக்கமாக நடக்கும்போது பெரும்பாலோர் ஏதாவது கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆய்வாளருக்கே தெரியாதபடி உறைகளைக் கொண்டு சோதனையை அமைத்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒன்றுமே கொடுக்கவில்லை. வழக்கமான சோதனையில் தென்பட்ட ஈகையில் ஒரு பெரும் பகுதி, ஆய்வாளரின் பார்வைக்குச் செலுத்திய மரியாதை என்று இதிலிருந்து தெரிந்தது.

ஜான் லிஸ்ட் அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளை விற்கும் வணிகர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சந்தைக்குக் கொண்டுபோனது. சோதனையில் இருக்கிறோம் என்று தெரிந்தபோது, அதிக விலை கொடுத்தவருக்கு வணிகர்கள் தரமான அட்டையைத் தந்தார்கள். சோதனை என்று தெரியாமல் தம் கடையில் வியாபாரம் செய்தபோது, மீண்டும் அந்த ஊருக்கு வர வாய்ப்பில்லாத வெளியூர் வணிகர்களிடம் அந்தப் பழக்கம் மறைந்துபோனது. வாடிக்கையாளரை மறுபடி சந்திக்கப்போகும் உள்ளூர் வணிகர்களிடம் அது நீடித்தது. நாளை முகம் பார்க்க வேண்டியவர் இன்று ஏமாற்றத் தயங்குகிறார்.

கவனிக்கப்படுவதாலேயே மனிதர் மாறுகிறார் என்ற கருத்துக்குப் பாடநூல்கள் காட்டும் பழைய உதாரணம் சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் தொழிற்சாலை. 1924 முதல் அங்கே விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தி அளக்கப்பட்டது. எதைச் செய்தாலும் உற்பத்தி கூடியது என்று சொல்லப்பட்டுவந்தது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் பழைய தரவுகளைத் தேடி எடுத்த ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011-இல் அவற்றை மீண்டும் கணக்கிட்டார்கள். அந்தப் புகழ்பெற்ற விளைவுக்குத் தரவுகளில் வலுவான ஆதாரம் இல்லை என்று தெரியவந்தது. பார்வைக்கு வல்லமை உண்டு என்பது உண்மை. அதைப் பற்றிய கதைகள் எல்லாம் உண்மையல்ல.

தெய்வமும் இயந்திரமும்

மனிதர் அல்லாத பார்வையாளர்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பார்ப்பதாக நம்பப்படும் தெய்வம். பெஞ்சமின் பர்சிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபிஜியில் வாழும் இந்திய வம்சாவளி இந்துக்கள், மொரீஷியஸ் மக்கள், தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தார் உள்ளிட்ட 8 சமூகங்களில் 591 பேரிடம் நடந்தது. 30 காசுகளை இரண்டு கிண்ணங்களில் பிரித்துப் போட வேண்டும்; அவற்றில் ஒன்று தொலைவூரில் வாழும் தம் மதத்தவருக்கு உரியது. ஒவ்வொரு காசுக்கும் முன்னதாக ஒரு கிண்ணத்தை மனத்துக்குள் தேர்ந்துகொண்டு, பிறகு இரண்டு நிறம் பூசிய பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணம், மறுநிறம் விழுந்தால் மற்றது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தெய்வம் தம் எண்ணங்களை அறியும், தவறு செய்தால் தண்டிக்கும் என்று நம்பியவர்கள், முகமறியாத தொலைவூரில் வாழும் தம் மதத்தவருக்கு நேர்மையான பங்குக்கு நெருக்கமாகக் கொடுத்தார்கள். தெய்வத்தின் பார்வையோடு தண்டனையும் சேர்ந்து நினைக்கப்பட்டபோதே அது வேலை செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு வகை, இயந்திரம். அலென் கோன், டோபியாஸ் கெஷே, மிஷெல் மாரேஷால் ஆகியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நாணயம் சுண்டிய முடிவைச் சிலர் மனிதரிடம் சொன்னார்கள், சிலர் இயந்திரத்திடம் பதிவு செய்தார்கள். இயந்திரத்திடம் சொன்னவர்கள் சுமார் மூன்று மடங்கு அதிகம் ஏமாற்றினார்கள். இயந்திரத்துக்கு மனிதக் குரலைப் பொருத்தியும் பயனில்லை. யாரிடம் சொல்ல விருப்பம் என்று முன்கூட்டியே கேட்டபோது, ஏமாற்றும் இயல்புள்ளவர்கள் இயந்திரத்தையே விரும்பித் தேர்ந்தார்கள். விண்ணப்பங்களும் உறுதிமொழிகளும் இணையப் படிவங்களாக மாறிவரும் காலத்தில், எதிரே மனித முகம் இல்லாமல் போவதால் இழப்பது என்ன என்பதை இந்த முடிவு சொல்கிறது.

ஆய்வகத்துக்கு வெளியே

பார்வையைக் கொள்கையாக்கிப் பார்த்த களச் சோதனைகளில் மிக முக்கியமான சில இந்தியாவில் நடந்தவை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. எஸ்தர் டூஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் ஆகியோர் நடத்திய சோதனையில், அந்தப் பள்ளிகள் சிலவற்றின் ஆசிரியர்களுக்குக் கேமரா தரப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவர், ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். படத்தில் பதியும் நாளையும் நேரத்தையும் மாற்ற முடியாது. வந்த நாட்களைப் பொறுத்தே சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகப் பாதியாகக் குறைந்தன; பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது.

அதே பகுதியில் அரசு செவிலியர்களின் வருகையைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றும் நடந்தது. அபிஜித் பானர்ஜி, டூஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் ஆகியோர் 2008-இல் அதன் முடிவுகளை எழுதினார்கள். தொடக்கத்தில் திட்டம் மிக நன்றாக வேலை செய்தது. சில மாதங்களில் உள்ளூர்ச் சுகாதார நிர்வாகம், வராத நாட்களை விலக்களிக்கப்பட்ட நாட்கள் என்று ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. 18 மாதங்களில் திட்டம் முற்றிலும் செயலிழந்தது. வருகையைப் பதிவு செய்வது இரண்டு இடத்திலும் நடந்தது. பதிவானது சம்பளத்தில் எதிரொலித்த இடத்தில் அது பலன் தந்தது. பதிவானதை மேலிருப்பவர் அழித்துவிட்ட இடத்தில் தரவில்லை.

குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசு அளவைத் தனியார் தணிக்கையாளர்கள் அளந்து அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது விதி. சோதனைக்கு முன் அந்தத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கூலி கொடுத்ததும் தொழிற்சாலையே. விளைவு எதிர்பார்க்கக்கூடியது. காற்றில் கலக்கும் துகள் மாசு வரம்பு மீறியதாக அறிக்கைகளில் வந்தது 7 சதவீதத் தொழிற்சாலைகளுக்கு. தனியே அளந்து பார்த்தபோது உண்மையில் மீறியவை 59 சதவீதம். டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து முறையை மாற்றினார்கள். தணிக்கையாளரைச் சீட்டுக் குலுக்கல் போலத் தற்செயலாக ஒதுக்கினார்கள்; கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள்; எந்த அறிக்கையையும் வேறொருவர் போய் மறுபடி அளந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். வரம்பு மீறிய மாசை வரம்புக்குள் இருப்பதாகப் பொய்யாக எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. தொழிற்சாலைகளும் மாசைக் குறைத்தன. 2013-இல் வெளியான இந்த ஆய்வு ஓர் அடிப்படைச் செய்தியைச் சொல்கிறது. பார்ப்பவர் யாரிடம் கூலி வாங்குகிறாரோ அவருடைய கண்ணாகவே மாறிவிடுகிறார். அவரையும் ஒருவர் பார்த்தால் மட்டுமே அவர் பொதுமக்களின் கண்ணாக இருப்பார்.

இந்தோனேசியாவில் 600-க்கு மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை வைத்து பெஞ்சமின் ஓல்கன் நடத்திய ஆய்வும் இதே திசையில் செல்கிறது. சாலை போட்டு முடிந்ததும் பொறியாளர்கள் அதைத் தோண்டி, கணக்கில் காட்டிய கல்லும் மணலும் உண்மையில் இருக்கின்றனவா என்று அளந்தார்கள். அரசுத் தணிக்கை நடக்கும் வாய்ப்பை 4 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தியபோது, காணாமல்போன செலவு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க் கூட்டங்களில் மக்கள் பங்கேற்பைக் கூட்டியதற்குச் சராசரியாக அத்தனை பலன் இல்லை. தணிக்கை வந்த ஊர்களில் திட்டப் பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியது. மிதிவண்டித் திருடர்கள் இடம் மாறியதைப் போலவே இங்கே ஊழலும் பார்வை படாத பக்கத்துக்கு ஓரளவு நகர்ந்தது.

கண்காணிப்பு வாங்கும் விலை

பார்வையை எங்கும் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால் அதற்கும் விலை உண்டு. அர்மின் ஃபால்க்கும் மைக்கேல் கோஸ்ஃபெல்டும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், முதலாளியின் இடத்தில் இருப்பவர் தொழிலாளியின் இடத்தில் இருப்பவரை நம்பி விட்டுவிடலாம், அல்லது குறைந்தது இவ்வளவு தந்தாக வேண்டும் என்று கட்டுப்படுத்தலாம். கட்டுப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர், சுதந்திரமாக விட்டிருந்தால் தந்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே தந்தார்கள். கட்டுப்பாட்டை அவர்கள் அவநம்பிக்கையின் அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாக நடக்க விரும்புகிறவரிடம் சந்தேகத்தைக் காட்டினால், அவருடைய விருப்பமே தேய்ந்துபோகலாம்.

பார்வை இல்லாமலே நேர்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை கோன், மாரேஷால், டேவிட் டானன்பாம், கிறிஸ்டியன் சுண்ட் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 355 நகரங்களில், வங்கி, தபால் நிலையம், திரையரங்கு, விடுதி போன்ற இடங்களின் வரவேற்பு மேசைகளில் 17,303 பணப்பைகள் கொடுக்கப்பட்டன. தெருவில் கிடந்தது என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு ஆய்வு உதவியாளர் போய்விடுவார். உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி பைக்குள் இருக்கும். பணமில்லாத பைகளுக்கு 40 சதவீதத்தினர் உரிமையாளரைத் தொடர்புகொண்டார்கள். பணமிருந்த பைகளுக்கு 51 சதவீதத்தினர். தொகை அதிகமாக இருந்தபோது திருப்பித் தர முன்வந்தவர்களும் அதிகம். பெருந்தொகையை வைத்துக்கொண்டால் தம்மைத் தாமே திருடராகக் காண நேரும் என்ற உணர்வு அதற்குக் காரணமாக இருந்ததாக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

ஆய்வையும் பார்க்கும் கண்

நேர்மை பற்றிய ஆய்வுக்கும் பார்வை தேவை என்பதை இந்தத் துறை கசப்போடு கற்றுக்கொண்டது. படிவத்தின் அடியில் கையெழுத்திடாமல் தொடக்கத்திலேயே கையெழுத்திட்டால் மக்கள் அதிக உண்மை சொல்வார்கள் என்று 2012-இல் வெளியான கட்டுரை ஒன்று பல நாட்டு அரசு அலுவலகங்களின் கவனத்தை ஈர்த்தது. 2020-இல் அதன் ஆசிரியர்களே பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2021-இல் வெளி ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையின் வாகனக் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்து, அவை புனையப்பட்டவை என்று காட்டினார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இன்று பல ஆய்வாளர்கள் தம் திட்டத்தைச் சோதனைக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். தரவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். குஜராத்துத் தணிக்கையாளர்களைத் திருத்திய வழியும் இதுவே: வேறொருவர் மறுபடி அளந்து பார்க்க முடியும் என்ற நிலை.

இந்தச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் உறுதியாக நிற்கின்றன. யாரும் பார்க்காதபோதும் பெரும்பாலோர் முழுப் பொய் சொல்வதில்லை. நேர்மையின் பெரும்பங்கு மனிதரிடமே இருக்கிறது. பார்வை அதன்மேல் சேர்க்கும் வலு, பெரும்பாலும் நற்பெயர் பற்றிய கவலையின் வழியாக வருகிறது. சுவரில் ஒட்டிய கண்ணைவிட, உண்மையைச் சரிபார்க்கக்கூடிய, பார்த்ததற்கு விளைவு உண்டாக்கக்கூடிய, பார்க்கப்படுபவரிடம் கூலி வாங்காத கண்ணுக்கே வலு அதிகம். பார்வை ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் தவறு வேறிடம் போகும். அளவுக்கு மீறினால் நேர்மையாக இருப்பவரின் மனமும் விலகும். ஆகவே நல்ல கண்காணிப்பு முறையை வகுப்பவர்கள் முதலில் நம்ப வேண்டியது மக்களை. அடுத்துச் செய்ய வேண்டியது, அந்த நம்பிக்கையைக் குலைப்பவர்கள் தப்பிவிடாதபடி, தற்செயலாகவும் சுதந்திரமாகவும் நடக்கும் சரிபார்ப்பை உறுதி செய்வது.